நடுவில் ஒரு மஞ்சள் பட்டை

பல் டாக்டர் ஒருவரின் பெயர்ப்பலகையில் சிரிக்கும் வாய் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார் கொடியம்மா. கீழ்வரிசைப் பற்கள் சரியாக அமையாமல் துடைத்துத் துடைத்து வரைந்ததில் தகரமே வெளுத்துப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து மருமகன் கடைவாசலில் வந்து நின்றான்.

"என்ன மாப்பிள்ளை, ஆபீஸ் லீவா?"

"இல்ல அத்தை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

நாடாளுமன்றச் செயலகத்தில் வேலை பார்க்கிறவன், ஊரின் மறுகோடியிலிருந்து, வேலை நேரத்தில் சும்மா வரமாட்டான். கொடியம்மா தூரிகையை டர்ப்பன்டைனில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"விஷயத்தைச் சொல்லுங்க."

"கொடி மசோதாவுக்குக் கமிட்டி போட்டிருக்காங்கல்ல, அவங்க உங்களைக் கூப்பிடுறாங்க. வியாழக்கிழமை. கொஞ்ச நேர வேலைதான்."

"என்ன கேப்பாங்க?"

"மஞ்சளை ஏன் வெச்சீங்கன்னு கேப்பாங்க. சாப்பிடும்போது எங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லுவீங்களே, அதை அப்படியே சொன்னாப் போதும். நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. உண்மையைத்தான் சொல்லச் சொல்றேன்."

அவன் போன பிறகு கொடியம்மா மறுபடி தூரிகையை எடுத்தார். பற்கள் முன்னைவிட மோசமாக வந்தன.

கொடியம்மா என்பது தெரு வைத்த பெயர். ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில் இந்த நாட்டின் கொடியை வரைந்தவர் அவர். மேலே சிவப்பு, கீழே பச்சை, நடுவில் மெல்லிய மஞ்சள் பட்டை. அதற்காக அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கொடியேற்று நாளில் முன்வரிசையில் ஒரு நாற்காலி, கையில் ஒரு பூங்கொத்து. மற்ற நாளெல்லாம் பெயர்ப்பலகைக் கடையும் பெயின்ட் வாசனையும்தான்.

கொடி பிறந்த கதை இதுதான். சுதந்திரம் வரப்போகிறது என்று முடிவானபோது நாட்டில் இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன. துறைமுகத் தொழிலாளர்களின் கட்சிக்குச் சிவப்பு, விவசாயிகளின் கட்சிக்குப் பச்சை. தன் நிறம் இல்லாத கொடிக்கு வணக்கம் வைக்க எந்தக் கட்சியும் தயாராக இல்லை. யாருக்கும் வேண்டாத வம்பு என்று போட்டி அறிவித்துக் கல்லூரி மாணவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கொடியம்மா இரண்டு துணிகளையும் ஒட்டித் தைத்து, விடுதி மொட்டைமாடியில் துணி காயும் கம்பியில் மாட்டிவிட்டு, கீழே இறங்கித் தெருக்கோடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். இரண்டு நிறமும் எது எங்கே முடிகிறதென்று தெரியாமல் ஒன்றையொன்று மங்கடித்து, சேற்றில் விழுந்த துண்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் வெளிச்சமாக ஏதாவது வேண்டும். அறை ஜன்னலில் தொங்கிய திரை மஞ்சளாக இருந்தது. கிழித்தார், தைத்தார். அவ்வளவுதான்.

அப்போது கடலுக்கு நடுவே இருந்த தீவுகள் இந்த நாட்டோடு சேர்வதா, தனியே போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தன. முதல் பிரதமர் வானொலியில் பேசினார். சிவப்பு நம் உழைப்பு, பச்சை நம் நிலம், நடுவில் உள்ள மஞ்சள் நம் தீவுச் சகோதரர்களின் மணற்கரை, அவர்களை ஓரத்தில் அல்ல, நெஞ்சுக்கு நடுவில் வைத்திருக்கிறோம் என்றார். விடுதிக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து அதைக் கேட்ட மாணவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவளின் காதில், "அது நம்ம ரூம் திரைடி," என்றாள். தீவுகள் சேர்ந்தன. மணற்கரை பாடப்புத்தகத்தில் ஏறியது. திரைச்சீலை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சிரிக்கிற கதையாக நின்றுவிட்டது.

இப்போது தீவுக்காரர்கள் தங்களுக்கென்று தனிச் சட்டசபை கேட்கிறார்கள். துறைமுகத்தில் கல்வீச்சு நடந்து, ஊரடங்கு போட்டு, பிறகு எடுத்தார்கள். மஞ்சள் பட்டை நாட்டை இரண்டாகப் பிளக்கிறது, எடுத்துவிடலாம் என்று ஆளுங்கட்சி மசோதா கொண்டுவந்திருந்தது.

பெயர்ப்பலகைக் கடையை ஒட்டி ஒரு மருந்துக்கடை. அதை நடத்துகிறவள் தீவுக்காரி. பிறந்தது இங்கேதான், இருந்தாலும் தெருவுக்கு அவள் தீவுக்காரிதான். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் இரண்டு பேரும் நடைபாதையில் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு டீ குடிப்பார்கள். அவளுடைய அண்ணன் ராணுவத்தில் இருந்தான். எல்லையில் நடந்த சண்டையில் செத்தான். சவப்பெட்டி மேல் போர்த்திய கொடியை மடித்து அவன் அம்மா கையில் கொடுத்தார்கள். அந்த வருஷம் முழுக்கக் கொடியம்மா டீ நேரத்தில் தன் திரைச்சீலைக் கதை வாயில் வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

மருமகன் வந்துபோன மறுநாள் தீவு மக்கள் சங்கச் செயலாளர் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ஒரே ஒரு வரிம்மா. தீவு மக்களை நெனைச்சுத்தான் வெச்சேன்னு சொல்லிடுங்க. மசோதா அங்கேயே படுத்துடும்," என்றார். கொடியம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் போனதும் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை. மறந்துபோச்சுன்னு சொல்லிடு. வயசானா மறக்கிறதுதானே."

"எனக்கு வயசாகலன்னு போன வாரம் நீதான் சொன்னே. பரண்ல ஏறி சூட்கேஸ் எடுக்கச் சொன்னப்போ."

"அது வேற. இதுல அவர் வேலை இருக்கும்மா."

அதன்பின் கொடியம்மாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பலகை முன்னால் உட்கார்ந்தால் எழுந்து வெளியே போகத் தோன்றியது. வெளியே போனால், கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் தோன்றியது. பஸ் ஏறி நாலு நிறுத்தம் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்கி, நடந்தே திரும்பினார். இத்தனை வருஷம் கண்ணில் படாமலிருந்த கொடிகளெல்லாம் இப்போது வேண்டுமென்றே வழிமறிப்பது போல இருந்தது. தபால் நிலையத்தின் மேல் ஒன்று. ஆம்புலன்ஸ் கதவில் ஒன்று. ஒரு வீட்டுக் குளியலறை ஜன்னலில், கண்ணாடி உடைந்த இடத்தை அடைக்க ஒன்று. எல்லாவற்றிலும் கண் நேரே மஞ்சளுக்குத்தான் போனது.

புதன்கிழமை டீ நேரத்தில் மருந்துக்கடைக்காரி ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள். "நாளைக்குப் போறீங்களாக்கா?"

"போறேன்."

"அது எங்களுக்காக வெச்சதுதானே?"

கொடியம்மா டம்ளரைப் பார்த்தார். "கூட்டம் வருது பாரு உன் கடையில," என்றார். வந்திருந்தது ஒரே ஒருவர்தான். மருந்துக்கடைக்காரி கொடியம்மாவைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கமிட்டி அறையில் குளிர்சாதனம் நடுங்க வைத்தது. மேஜை நீளத்துக்குத் தண்ணீர் பாட்டில்கள். மருமகன் சுவரோரமாகக் கோப்புகளை அணைத்துக்கொண்டு நின்றான். தலைவர் மரியாதையான மனிதர். எழுந்து வணக்கம் சொன்னார், உடல்நலம் விசாரித்தார், பிறகு கேட்டார்.

"மஞ்சள் பட்டையை நீங்க வெச்சப்போ தீவு மக்களைப் பத்தி நெனைச்சீங்களா?"

"நான் எப்படி அதை வெச்சேன்னா..."

"நெனைச்சீங்களா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க போதும்."

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தன் கையால் கிழித்த துணியைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"இல்லை," என்றார். "ஆனா அதுக்கப்புறம்..."

"ரொம்ப நன்றிங்கம்மா. எங்களுக்கு வேண்டியது இதுதான்." தலைவர் விரலை அசைத்தார். மைக்கில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. கொடியம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் ஊழியர் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி அவரை முந்திக்கொண்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் போனில் அவருடைய படம் ஓடியது. 'மஞ்சளுக்கு அர்த்தமே இல்லை: கொடி வரைந்தவர் வாக்குமூலம்.' அவர் சொன்னது ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் ஆளுக்கு ஆள் ஒரு மணிநேரம் பேசினார்கள். வீட்டு மேஜையில் சொன்ன திரைச்சீலைக் கதையும் எப்படியோ அதற்குள் வெளியே போயிருந்தது.

மறுநாள் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. வேறு கடைக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டியவர், அது கோழைத்தனம் என்று தோன்ற, பக்கத்துக் கடைக்கே போனார். மருந்துக்கடைக்காரி கேட்காமலே மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"நான் முழுசாச் சொல்ல விடல அவங்க," என்றார் கொடியம்மா.

"நீங்க பொய் சொல்லலைக்கா. அதுவரைக்கும் எனக்குத் தெரியுது." அவள் அட்டையைக் காகித உறையில் போட்டு, உறையின் வாயை மடித்து மடித்து, மடிக்க இடமில்லாத வரைக்கும் மடித்தாள். "இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சிருக்கோம். என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கக் கேட்டப்புறம் நான் கேட்டேன் பாருங்க, அதுதான் தாங்கல."

"உங்க அண்ணன் விஷயத்துக்கு அப்புறம் எப்படிச் சொல்வேன்."

"தெரியல. சொல்லியிருக்கலாம்." பிறகு வேறு குரலில், "அம்மா உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க. போறதும் போகாததும் உங்க இஷ்டம்," என்றாள்.

அந்த அம்மாவின் வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போது கொடியம்மா என்னென்ன வசவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினார். கதவைத் திறந்தவள் ஒடிசலான கிழவி, காது மட்டும் பாம்புக்காது.

"மூச்சு வாங்குதே. உட்காரு. ஜன்னல் பக்கம் உட்காரு, அங்கதான் காத்து," என்றாள்.

அலமாரியிலிருந்து முக்கோணமாக மடித்த கொடியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கொடியம்மாவுக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, வேறு எங்கேயும் பார்க்கவும் முடியவில்லை.

"திரைன்னு சொன்னாங்களே, உண்மையா?"

"உண்மைதாம்மா. விடுதி ஜன்னல் திரை."

"நல்ல துணியா?"

கொடியம்மா நிமிர்ந்து பார்த்தார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்கிறாள். "முரட்டுத் துணி. சாயம் போகாது," என்றார்.

"அப்ப சரி." கிழவி எதிரில் உட்கார்ந்தாள். "என் பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? எங்கப்பன் ஒரு படகுல வேலை பார்த்தான். நான் பொறந்தப்போ குடிச்சிருந்தான். என்ன பேருன்னு கேட்டதுக்குப் படகுல எழுதியிருந்ததைச் சொல்லிட்டான். என்னை நெனைச்சு வெச்ச பேரா அது? படகு முதலாளியோட பொண்டாட்டி பேரு. அதுக்காக இது என் பேரு இல்லன்னு ஆயிடுமா? அந்தப் பேரைச் சொல்லித்தான் எம்புருஷன் என்னைக் கூப்பிட்டான். எம்புள்ள பட்டாளத்துல சேர்றப்போ அம்மா பேருன்னு கேட்ட இடத்துல அதைத்தான் சொன்னான்."

கொடியம்மாவின் பார்வை மேஜை மேலிருந்த கொடிக்குப் போனது.

"நீ எதை நெனைச்சு வெச்சேன்னு அவங்க கேட்டாங்க. அது உன் சமாச்சாரம். இத்தனை வருஷமா இதை நாங்க என்னன்னு நெனைச்சோம்னு எங்களை யாராச்சும் கூப்பிட்டுக் கேட்டாங்களா?"

"இல்லம்மா."

"அதான் எனக்குக் கோவம். உன்மேல இல்ல. உன்மேல கொஞ்சம்தான்."

கொடியம்மா படிகளில் நின்று நின்று இறங்கினார். கோபமா, வெட்கமா, நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தெருவில் நின்றபடியே மருமகனுக்குப் போன் போட்டார். கமிட்டியில் இன்னொரு தடவை பேச வேண்டும் என்றார்.

"முடியாது அத்தை. சாட்சி முடிஞ்சாச்சு. ஆனா திங்கட்கிழமை தலைவர் பத்திரிகைக்காரங்களைப் பார்க்கிறார். நீங்க மேடையில பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு சொல்றார். பேச வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். கார் அனுப்புறோம்."

"அனுப்புங்க," என்றார் கொடியம்மா.

திங்கட்கிழமை வரைக்கும் அவர் சொல்லப்போவதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் நீளமாகிக்கொண்டே போனது. சொல்லிவிட்டால் மருமகனுக்கு என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியாமலில்லை. இரண்டு முறை அவனுக்குப் போன் செய்யப் போய் வைத்துவிட்டார். சொன்னால் தடுப்பான்; தடுத்தால், தான் கேட்டுவிடக்கூடும் என்று பயந்தார்.

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மஞ்சளில் தீவுகள் இருக்கின்றன என்பது வெறும் கற்பனை என்று கொடியை வரைந்தவரே சொல்லிவிட்டார் என்று பக்கம் திரும்பிக் கை காட்டினார். கேமராக்கள் கொடியம்மாவின் பக்கம் திரும்பின. அவர் எழுந்தார். தலைவருக்கு முன்னால் இருந்த மைக் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"நான் பாதிதான் சொன்னேன். மீதியையும் சொல்லிடறேன்," என்றார். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. "நான் தீவுக்காரங்களை நெனைச்சு அதை வைக்கல. சிவப்பும் பச்சையும் தூரத்துல தெரியல, அதனால வெச்சேன். சிவப்பை வெச்சப்போ உழைப்பையும் நெனைக்கல, பச்சையை வெச்சப்போ நிலத்தையும் நெனைக்கல. கட்சிக்காரங்க கேட்டாங்க, வெச்சேன். எடுக்கிறதா இருந்தா மூணையும்தான் எடுக்கணும். அர்த்தமெல்லாம் நீங்க குடுத்தது. வானொலியில சொன்னீங்க, அவங்க நம்பி வந்தாங்க. அதைப் போர்த்தி அவங்க பிள்ளைங்களை அனுப்பி வெச்சிருக்கீங்க. இப்ப என்னைக் காட்டி, அது சும்மா சொன்னதுங்கிறீங்க. என்னைக் காட்டாதீங்க."

மைக் அதற்குள் அணைந்திருந்தது. ஆனால் முன்வரிசையில் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சுவரோரத்தில் மருமகன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

திரும்பிப் போகக் கார் இல்லை. பஸ்ஸில் வந்தார்.

அந்த வாரம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆளுங்கட்சியிலேயே சிலர் வயிற்றுவலி, வெளியூர்ப் பயணம் என்று நழுவினார்கள். மசோதா மறுபடி கமிட்டிக்குப் போனது. கடைக்கு வந்துகொண்டிருந்த அரசாங்கப் பலகை வேலைகள் நின்றன. ஒருநாள் காலையில் ஷட்டர் மேல் யாரோ தார் பூசியிருந்தார்கள். கொடியம்மாவும் மருந்துக்கடைக்காரியும் சேர்ந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். தேய்க்கிற நேரத்தில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. டீ மறுபடி தொடங்கியிருந்தது. ஆனால் பழைய மாதிரி வாய்க்கு வந்ததைப் பேச இரண்டு பேருக்கும் வரவில்லை. ஒவ்வொரு பேச்சையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டே எடுத்தார்கள்.

மருமகனைச் செயலகத்தின் கீழ்த்தளத்துக்கு, பழைய நாற்காலி மேஜைகளை வைத்திருக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மகள் ஒருநாள் போனில் பொரிந்து தள்ளினாள். அதன்பின் போனே இல்லை. கொடியம்மா பலமுறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தார்.

ஒரு மத்தியானம் அவனே வந்தான். இளைத்திருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லத்தை."

இதையே வேறொருத்தி சொல்லிக் கேட்டது கொடியம்மாவுக்கு நினைவு வந்தது. "சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்புதான், மாப்பிள்ளை. சொன்னது தப்பில்ல."

அவன் தரையில் சிந்தியிருந்த பெயின்ட்டைச் செருப்பு நுனியால் சுரண்டினான். "கீழ்த்தளத்துல சத்தமே இல்ல. தூக்கம் நல்லா வருது," என்றான். இருவரும் சிரித்தார்கள், முதலில் அவன். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னான். "கமிட்டி திரும்ப உக்காருது. உங்களைத் திரும்பக் கூப்பிடலாமான்னு பேச்சு. என் மூலமாக் கேட்டுப் பார்க்கச் சொன்னாங்க."

"நான் வரமாட்டேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லியாச்சு. அந்தம்மாவைக் கூப்பிடுங்க." மருந்துக்கடைப் பக்கம் கை காட்டினார். "அவங்க அம்மாவை."

"அது என் கையில இல்ல அத்தை. நான் நாற்காலி எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"கேட்டாவது பாருங்க."

கேட்டான். முதலில் இல்லை என்றார்கள். நாடாளுமன்றத்தில் தீவுகளின் உறுப்பினர்கள் கூச்சல் போட்டபின் சரி என்றார்கள். விசாரணை நாள் காலையில் மருமகனே தன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். கிழவியை மூன்று மாடி இறக்கிக் காரில் ஏற்றுவதற்குள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. சீட் பள்ளமாக இருக்கிறது, ஜன்னல் ஏன் பாதிதான் இறங்குகிறது என்று வழி முழுக்கக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். மடியில் அந்தக் கொடி. அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டி அறையில் கொடியம்மாவுக்குப் பார்வையாளர் வரிசையில் இடம் கிடைத்தது. தலைவர் முதல் கேள்வியைத் தொடங்கியபோது, கிழவி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் மகளிடம் நீட்டி, திறந்து வாங்கி, நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு மகன் சின்ன வயதில் நீச்சல் பழகியதிலிருந்து ஆரம்பித்தாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மைக்கை அணைக்க மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் வானொலியில் கேட்டதைச் சொன்னாள், தீவிலிருந்து கிளம்பிவந்த கப்பலைச் சொன்னாள், பெட்டி வந்த நாளைச் சொன்னாள். யாரையும் திட்டவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தனிச் சட்டசபை வேண்டுமா என்று ஒருவர் மடக்கியபோது, "அதை அவங்கவங்க பேசிக்கட்டும், நான் வந்தது இதுக்கு," என்று கொடியைத் தட்டினாள்.

மசோதா தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. கமிட்டி இரண்டுபட்டு இரண்டு அறிக்கை கொடுத்தது. இன்று வரை யாரும் அதைத் திரும்பப் பெறவும் இல்லை, வாக்குக்கு விடவும் இல்லை. எந்தக் கூட்டத்தொடரில் எடுப்பார்களோ என்று ஒவ்வொரு முறையும் கொடியம்மா செய்தித்தாளைப் புரட்டிப் பார்க்கிறார்.

அன்று, அந்தக் குளிர் அறையில், கிழவி பேசி முடிக்கிற வரைக்கும் கொடியம்மாவின் கால் தன்பாட்டுக்குத் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த மருந்துக்கடைக்காரி அவருடைய முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா. அம்மா பேசுறது கேக்கல."